நான்கு பழைய துணிகளும் ஒரு பர்மிட்டும்

போன மாதம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற கார் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாண்டி என்கிற டிரைவர் முதல் நாள்தான் திருநள்ளாறு சவாரி போய்விட்டு வந்திருந்தான். "ராத்திரி கெளம்பி, காலைல குளிக்க வச்சு, சாமி கும்பிட வச்சு, பொழுது சாய வீட்டுல எறக்கி விட்டுட்டேண்ணே" என்று பெருமையடித்தான். "எல்லையில எம்புட்டு நேரம் நிறுத்துனாங்க?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"எல்லையா? எந்த எல்லைண்ணே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "அடேய், நீ டாப் கியரில பறந்து போற எடத்துல நான் ஒரு சாயங்காலம் பூரா உயிரக் கையில புடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்டா. அதுவும் ஒரு ஈரச் சேலைக்காக" என்றேன். அவ்வளவுதான், மொத்தப் பேரும் பிடித்துக்கொண்டார்கள். வாயால் சொன்னதில் பாதி அங்கேயே டீ ஆறுவதற்குள் மறந்துபோயிற்று. அதனால் எழுதிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்காலும் அதைச் சுற்றிய கொஞ்சம் கிராமங்களும் அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரன் சீமை. திருநள்ளாறு அதற்குள்தான் இருந்தது. மற்றதெல்லாம் இங்கிலீஷ்காரன் சீமை. வயலுக்கு நடுவே ஓடும் ஒரே சாலையில் இந்தப் பக்கம் ஒரு சாவடி, அந்தப் பக்கம் ஒரு சாவடி. இந்தச் சாவடியில் காக்கித் தொப்பி, அந்தச் சாவடியில் சிவப்புத் தொப்பி. மதுரையிலிருந்து சனீஸ்வரனைக் கும்பிடக் காரில் போகிற குடும்பம், கும்பிடுவதற்கு முன்னால் இரண்டு ராஜாங்கத்தையும் கும்பிட வேண்டும். வண்டிக்கு மூன்று நாள் சுற்றுலாப் பர்மிட் உண்டு. அதை எழுதி வாங்கிக்கொண்டு போவதும், திரும்பி வந்து முடித்துக் கொடுப்பதும் டிரைவர் வேலை.

நான் டிரைவர் ஆன கதை பெரிதில்லை. பெயர் சோலை, வில்லாபுரத்துக்காரன். அழகர்கோவில் பஸ்ஸில் கிளீனராகத் தொற்றிக்கொண்டேன், மூன்று வருஷம் கரியும் கிரீஸும் தின்றேன், ஓட்டக் கற்றேன், லைசென்ஸ் வாங்கினேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் காலிலும் ஏற்றாமல் பஸ்ஸை வெளியே கொண்டுவந்ததைப் பார்த்து, மேலமாசி வீதியில் வாடகைக் கார் கொட்டகை நடத்திய முதலாளி என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். முதலாளி கொட்டகைக்கு வருவது தீபாவளிக்கு ஒரு தடவை. எங்களை ஆண்டவர் மேனேஜர் ஞானமுத்து ஐயா.

ஐயா பசுமலைக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, மோட்டார் கொட்டகையில் இருந்தும் கரி படாத கை. காலையில் ஏழு மணிக்கு சைக்கிளில் வந்து இறங்குவார். சத்தம் போட்டு ஒருவரையும் வைததில்லை. தப்புச் செய்தவனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "சரி, மொதல்ல இருந்து சொல்லு" என்பார். அதற்குப் பதில் இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும்.

பர்மிட் எழுதுவது அவருக்கு ஒரு பூஜை மாதிரி. வண்டி நம்பர், என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயர் நம்பர், பாட்டரி, ஜாக்கி, பம்பு. நம்பர் வெட்டின இடத்தில் சாக்கட்டியைத் தேய்த்தால்தான் எழுத்துத் தெரியும். நான் வண்டிக்கு அடியில் படுத்து உரக்க வாசிக்க வேண்டும், அவர் எழுதுவார். பிறகு அவர் வாசிப்பார், நான் மறுபடி படுத்து ஒத்துப் பார்க்க வேண்டும். "ஏன்யா, ஒரு தடவ பார்த்தா பத்தாதா?" என்று ஒரு நாள் முனகினேன். "பத்தும். தப்பு பண்றதுக்குப் பத்தும்" என்றார்.

அவர் சொன்னது சும்மா இல்லை. எங்களுக்கு முன்னால் வேறு ஒரு கொட்டகை வண்டி, ஸ்டெப்னி டயர் நம்பரில் ஏழு என்பதை ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது சாவடியில் இரண்டு நாள் கிடந்தது. அந்தப் பக்கம் டயர் மலிவு, ஆகவே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று சந்தேகம். இன்னொரு தடவை மதுரைக் குடும்பம் ஒன்று கட்டிக்கொண்டு போன பட்டுச் சேலையையே, 'காரைக்காலில் வாங்கிய சீமைப் பட்டு' என்று பிடித்து வைத்துவிட்டார்கள். நம்மூர்த் தறியில் நெய்த பட்டு! அதைக் கேட்ட நாளிலிருந்து ஐயா பர்மிட்டோடு துணி லிஸ்டும் சேர்த்துவிட்டார். உடம்பில் இருக்கிற சாதாரணப் பருத்தி தவிர, வண்டியில் என்னென்ன உடுப்பு போகிறதோ அத்தனையும் நிறம், கரை, அடையாளத்தோடு எழுதி, போகும்போதே சாவடியில் முத்திரை வாங்கிவிட வேண்டும். வரும்போது லிஸ்டை நீட்டினால் ஒருவனும் வாய் திறக்க மாட்டான். அந்த லிஸ்டினால் எத்தனையோ குடும்பம் நிம்மதியாகத் திரும்பியது. அதை மறைக்கக் கூடாது.

அவருடைய இன்னொரு சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சவாரி முடிந்து வண்டி கொட்டகைக்கு வந்ததும் ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் கையை விட்டுப் பார்க்க வேண்டும். யாராவது எதையாவது மறந்திருந்தால் அதை உரியவர் கையில் சேர்த்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். ஒரு கிழவர் விட்டுப்போன ஒற்றைச் செருப்பைக் கொடுக்க அழகர்கோவில் வரைக்கும் சைக்கிள் மிதித்த மனுஷர் அவர். கிழவர் மற்றச் செருப்பை அதற்குள் தூக்கி எறிந்துவிட்டாராம். ஆனாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி. மகால் பக்கத்தில் குப்பய்யர் என்று ஒரு பட்டு வியாபாரி, சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலுக்கு வந்தால் நம்மைவிட நல்ல மதுரைத் தமிழ். அவருக்கு ஒரே பெண், பெயர் சுலோசனா. அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை வரன் வந்து, பார்த்து, பிடித்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்த பிறகு தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகப் பரமக்குடியிலிருந்து ஓர் இடம் வந்தது. நல்ல பையன். ஆனால் பையனுடைய அப்பா கறார்ப் பேர்வழி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குள் தட்டு மாற்றியாக வேண்டும், பன்னிரண்டு மணி ரயிலுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்று புதன்கிழமை ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்.

சுலோசனாவின் அம்மா ருக்மணி அம்மாள், திருநள்ளாற்றில் குளிக்காமல் நிச்சயம் பண்ணினால் இதுவும் தட்டிப்போகும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. குப்பய்யர் மூச்சு வாங்க எங்கள் கொட்டகைக்கு ஓடி வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐயாவும் நானும் அவர்கள் வீட்டுக்கே போய் லிஸ்ட் எடுத்தோம். ஐயா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். புதுப் பட்டுச் சேலை இரண்டு, பட்டு வேட்டி ஒன்று, அங்கவஸ்திரம் ஒன்று. மூலையில் தனியாக ஒரு மூட்டை இருந்தது.

"இதுல என்ன?" என்று கேட்டார் ஐயா.

"பழசு ஐயா. குளிக்கும்போது கட்டிக்க" என்றார் குப்பய்யர்.

பிரித்தார்கள். பழைய வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, பச்சைச் சுங்குடிச் சேலை ஒன்று. நான்காவதாக ஒரு மஞ்சள் பட்டு. அரக்குக் கரை, முந்தானையில் ஒரு மயில். மயில் திரும்பித் தன் தோகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு மயிலை நான் வேறு எந்தச் சேலையிலும் பார்த்ததில்லை.

"இது பழசு மாதிரி தெரியலயே" என்றார் ஐயா.

கதவோரம் நின்ற சுலோசனா சொன்னாள். "நான் வரஞ்ச மயிலு சார். எங்க தறியில எனக்காக நெஞ்சது."

"அதக் கட்டிக்கிட்டுத்தான் ரெண்டு தடவையும் உக்காந்தா. ரெண்டும் போச்சு" என்று அம்மா வெடுக்கென்று சொன்னார். பெண் மயிலை ஒரு தடவை தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐயா அதையும் சொன்னார், நான் எழுதினேன். 'பழைய மஞ்சள் பட்டு ஒன்று, அரக்குக் கரை, முந்தானையில் ஒற்றை மயில்.' ரவிக்கையைப் பற்றிக் கேட்க ஐயாவுக்குக் கூச்சம். அதனால் அது லிஸ்டில் ஏறவில்லை. அந்தக் கூச்சம் மட்டும் இல்லாவிட்டால் நான் நான்குக்குப் பதில் ஆறு தேடியிருப்பேன். குப்பய்யர் வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் கட்டியிருந்த துணியைக் குளத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. சனி அந்தத் துணியோடு போய்விடும். குப்பய்யருக்கு இது தெரியும், அவர் லிஸ்டைப் படிக்கவில்லை. ஐயா லிஸ்டைப் படித்தார், வேதக்காரர், இது தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். என் கை பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது, மண்டை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் நான் கூட்டிப்போனவர்கள் எல்லாரும் கட்டிய துணியோடு குளித்து, அங்கேயே கடையில் வாங்கி மாற்றியவர்கள், அல்லது எங்கள் லிஸ்ட் வருவதற்கு முந்தியவர்கள். சமாதானம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் புறப்பட்டு, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் தாண்டி, பொழுது இறங்குவதற்குள் எல்லைக்குப் போய்விட்டோம். இரண்டு பக்கமும் முத்திரை வாங்கினேன். சனிக்கிழமை காலையில் குளத்தில் கூட்டமான கூட்டம். நான் வண்டியோடு நின்றுகொண்டேன். அவர்கள் புதுப் பட்டு மின்ன, தலை ஈரம் சொட்ட, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்கள். ருக்மணி அம்மாள் எனக்குக்கூட எள்ளுச்சாதம் கொடுத்தார். சுலோசனா மட்டும் வண்டியில் ஏறும்போது குளத்துப் பக்கம் திரும்பப் போனாள். "திரும்பாதே!" என்று அம்மா அவள் தாடையைப் பிடித்து நேராக வைத்தார்.

மூன்று மணிக்கு எங்கள் பக்கத்துச் சாவடி. ஆறு மணிக்குக் கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள், பிறகு மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான். எனக்கென்ன கவலை, மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது என்று சீட்டியடித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினேன்.

சாவடி அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கெட்டிக் கண்ணாடி, மேஜையில் ஒரு பித்தளை மணி, கையில் எப்போதும் ஓர் அடிக்கோல். டயர் ஐந்தையும் அந்தக் கோலால் தட்டிப் பார்த்தார். ஜாக்கி, பம்பு எல்லாம் சரி. துணி லிஸ்டை எடுத்தார். பட்டுச் சேலை இரண்டு, கட்டியிருக்கிறார்கள், சரி. பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், சரி. அப்புறம் கோல் நின்றது.

"பழைய வேட்டி, துண்டு, சுங்குடி, மஞ்சப் பட்டு. நாலும் எங்கய்யா?"

அப்போதுதான் என் மண்டை விழித்துக்கொண்டது.

"கொளத்துல விட்டுட்டாங்க ஐயா. வழக்கந்தான, உங்களுக்குத் தெரியாததா?"

"வழக்கம் எனக்குத் தெரியும். லிஸ்டுக்குத் தெரியாதே. திரும்பி வரும்னு எழுதி, என் முத்திரையும் வாங்கிருக்கே. அங்க வித்தேன்னா விட்டேன்னா நான் எதைக் கண்டேன்? அதுல ஒண்ணு பட்டு. இதை இப்படியே முடிச்சா நாளைக்கு எவன் வேணும்னாலும் கொளத்துல விட்டேன்னு சொல்லுவான்."

"ஐயா, நாளைக் காலைல இந்தப் புள்ளைக்கு நிச்சயம் ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். "நான் எழுதாத லிஸ்டுப்பா இது. நாலு துணி வந்தா வண்டி போகும். வரலேன்னா திங்கக்கிழமை மேலதிகாரி வரணும். அவ்வளவுதான் என்னால முடியும்" என்றார். ரயிலில் போகலாம் என்றால் அன்றைய வண்டி போய்விட்டது.

நான் போய் வண்டியில் சொன்னேன். ருக்மணி அம்மாள் வெடித்தார். "விட்ட சனியனத் திரும்ப எடுத்துக்கிட்டு வரச் சொல்றாரா அந்த மனுசன்? துணி வந்தா நான் இந்த வண்டியில ஏற மாட்டேன். ஆமா!"

குப்பய்யர் சாலையோரத்து மைல்கல்லில் போய் உட்கார்ந்து அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "மூணாவது தடவையும் போச்சுன்னா எம்பொண்ண எவன்யா கேப்பான்?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. எழுதினது என் கை.

வண்டிக்குள்ளிருந்து சுலோசனா மெதுவாகக் கூப்பிட்டாள். "டிரைவர் அண்ணே. அங்க கரையில ஆளுக துணியப் பூராவும் வாரிக் குமிச்சுக்கிட்டு இருந்தாங்க. இன்னும் கெடக்கும்."

"நீ பாத்தியா தாயி? திரும்பக் கூடாதுன்னாங்களே."

"அம்மா தாடையத்தான் புடிச்சாங்க. கண்ணப் புடிக்கலயே" என்றாள்.

சாவடிச் சேவகரிடம் சைக்கிளைக் கெஞ்சி வாங்கினேன். நாலு மைல் மிதித்தேன். அந்தப் பக்கத்துச் சிவப்புத் தொப்பிக்காரர் என்னை அறிந்தவர். "வண்டி அங்க, நீ இங்க. என்ன வாங்கப் போறே?" என்றார். "பழைய துணிண்ணே" என்றேன். போகட்டும் என்று கையை ஆட்டினார், எனக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

குளக்கரையில் துணி மலை. அதைக் குத்தகைக்கு எடுத்தவர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குடை ஆடும்படி சிரித்தார். "இத்தனை வருஷமா விட்டுட்டு ஓடறவங்களத்தான் பாத்திருக்கேன். வேணும்னு திரும்பக் கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்யா. எடுத்துக்க, என் கையால எடுத்துத் தரமாட்டேன்" என்றார்.

மயில் மேலாகவே கிடந்தது, தன் தோகையைப் பார்த்துக்கொண்டு. அதை எடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பச்சைச் சுங்குடி கொஞ்சம் கிளறியதும் அகப்பட்டது. அந்தக் குவியலில் மதுரைச் சுங்குடிக்குப் போட்டி இல்லை. ஆனால் வேட்டிக்கும் துண்டுக்கும் என்ன முகம் இருக்கிறது? அங்கே ஐந்நூறு வேட்டி கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வேட்டியும் ஒரு துண்டும் உருவினேன். அது யார் வீட்டுச் சனியோ, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

சாவடிக்குத் திரும்பியபோது மணி ஐந்தே முக்கால். நான்கையும் சொட்டச் சொட்ட அதிகாரி மேஜைமேல் வைத்தேன். "எண்ணிக்கங்க ஐயா."

அவர் நாற்காலியோடு பின்னால் போனார். "மேஜையில ஏன்யா வைக்கிறே!" என்று கத்திவிட்டு, மணியை அடித்துச் சேவகரைக் கூப்பிட்டார். "இதைப் பிரிச்சு எண்ணு."

சேவகர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நாலு புள்ளைக்குத் தகப்பன் ஐயா நான். இன்னிக்குச் சனிக்கிழம வேற" என்றார்.

அதிகாரி அடிக்கோலின் நுனியால் தூரத்திலிருந்தே கிளறினார். "வேட்டி ஒண்ணு. துண்டு ஒண்ணு. சுங்குடி." மஞ்சள் பட்டைத் தூக்கியபோது அதிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் அவர் புறங்கையில் விழுந்தது. கோல் கீழே விழுந்தது. அவர் பார்த்ததெல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. ஒரு முத்திரை வைக்க வேண்டிய இடத்தில் மூன்று முத்திரை வைத்தார். "எடுத்துட்டுப் போ! லிஸ்டுப்படி வண்டியோடவே போகணும். ஒரு நூல் இங்க கெடக்கக் கூடாது!"

வெளியே சேவகர் கதவுக் கயிற்றைக் கையில் பிடித்துவிட்டார். இந்தப் பக்கம் ருக்மணி அம்மாள் வண்டி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார். "உள்ள வைக்காதீங்க! பொட்டியில வைக்காதீங்க! மேல கட்டாதீங்க!"

"அப்ப எங்கம்மா வைக்க?" என்றேன். மணி ஆறாக ஒரு நிமிஷம். நான் என் சீட்டுமேல் நான்கையும் போட்டேன், மேலே ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஈரம் காக்கிக் கால்சட்டை வழியாக ஜில்லென்று ஏறியது.

"ஐயோ, சனி உங்களப் புடிச்சுக்குமே தம்பி!" என்று அந்த அம்மாள் வாயில் அடித்துக்கொண்டார். கோபமெல்லாம் போய் நிஜமாகவே பதறினார்.

"பரவாயில்லம்மா. எனக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சே. ஏறுங்க!"

முதலில் சிரித்தது சுலோசனா. அப்புறம் குப்பய்யர் அழுத முகத்தோடேயே சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை, ஆனால் ஏறிவிட்டார். கதவு எங்கள் ஸ்டெப்னிக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மகால் பக்கம் வந்து சேர்ந்தோம். பரமக்குடிக்காரர்கள் அப்போதுதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதே காலுக்குத் தட்டு மாற்றியாயிற்று. நான் வண்டியை வாசலை ஒட்டியே நிறுத்தியிருந்தேன், அசதியில் நகர்த்தவும் தோன்றவில்லை. சுலோசனா ஒரு கிண்ணத்தில் கேசரி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, அது இன்னமும் வண்டியிலதான் இருக்கா?"

"இருக்கு தாயி. காஞ்சே போச்சு."

"அப்ப அது வாசல்ல நிக்கும்போதே நிச்சயம் ஆயிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு, அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கொட்டகையில் ஐயா என்னை உட்காரவைத்தார். "சரி, மொதல்ல இருந்து சொல்லு." சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கடைசியில் கேட்டார். "ஒனக்கு அந்த வழக்கம் தெரியும். எழுதும்போது ஏன் சொல்லல?"

"தோணலய்யா. நீங்க சொன்னீக, எழுதிப்புட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "நானும் கேக்கல. ஊரு வழக்கத்தக் கேக்காம ஊரு சாமானை எழுதுனது என் தப்பு" என்றார். மேனேஜர் ஒருவர் டிரைவரிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கே லிஸ்டில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டார். அதன் தலையில் 'அங்கேயே விடப்படும்' என்று எழுதினார். அதற்கப்புறம் எல்லை எடுபடுகிற வரைக்கும் எங்கள் வண்டி எதுவும் அங்கே நின்றதில்லை.

அந்த நான்கு துணியையும் தொட மற்ற டிரைவர்கள் யாரும் கிட்டே வரவில்லை. என் சம்சாரம் என்னையே வாசலில் நிறுத்தி மூன்று குடம் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாள். ஐயா தாமே துணிகளை எடுத்துக்கொண்டார். மறுவாரம் பார்த்தால் வேட்டியும் துண்டும் சுங்குடியும் வண்டி துடைக்கிற துணியாகக் கொடியில் தொங்கின. மஞ்சள் பட்டைக் காணவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தை மாதம் கல்யாணம். எங்கள் இருவருக்கும் பத்திரிகை வந்தது. பந்தலில் கூட்டம் கொஞ்சம் கரைந்ததும் ஐயா மணமக்களிடம் போனார், கையில் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம். மொய்யோ பரிசோ என்று எல்லாரும் பார்த்தார்கள். ஐயா கோட்டுப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"அம்மா, ஒங்க சாமான் ஒண்ணு எங்க வண்டியில இருந்துச்சு. சரியா இருக்கான்னு பாத்துட்டு, இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

பிரித்தாள். வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட மஞ்சள் பட்டு. மயில் திரும்பித் தோகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுலோசனா மணவறையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத் திக்கென்று ஆனது, ஏனென்றால் ருக்மணி அம்மாள் பக்கத்தில்தான் நின்றார். அவர் சேலையைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மயிலைத் தொட்டு, "இத யாரு வரஞ்சது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவதான்" என்றார் அம்மாள். சுலோசனா அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி மெதுவாக, "நிச்சயத்தன்னிக்கு இது வாசல்லதான் இருந்துச்சாமே. அவ இப்பத்தான் சொன்னா. இருக்கட்டும், கட்டிக்கட்டும்" என்றார்.

சுலோசனா கையெழுத்துப் போட்டாள். சாப்பாடு ஆகி, வெற்றிலை போட்டு, கொட்டகைக்கு நடந்து வந்தோம். ஐயா கோட்டைக் கழற்றாமலேயே பழைய பர்மிட் கட்டை இறக்கி, அந்த லிஸ்டைத் தேடி எடுத்தார். மூன்று முத்திரை குத்திய அதே லிஸ்ட். மஞ்சள் பட்டுக்கு எதிரே 'உரியவரிடம் சேர்ந்தது' என்று எழுதினார், தேதி போட்டார், மை காயும் வரை ஊதினார். பிறகு மூடியைப் பேனாவில் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான் சோலை, நாம திருநள்ளாத்துல இருந்து திரும்பி வந்திருக்கோம்" என்றார்.